எந்தப் பௌத்தம் என்று கேட்கத் தெரிய வேண்டும்

இலங்கைத் தமிழர்களின் காதில் பௌத்தம் என்பது ஒரு சமயத்தின் பெயராக ஒலித்து நெடுங்காலமாகிவிட்டது. அது அரசியலமைப்பின் ஓர் உறுப்புரையாகவும், தொல்பொருள் திணைக்களத்தின் அறிவித்தற் பலகையாகவும், ஓரிரவில் முளைத்துவிடும் சிலையாகவுமே இன்று நமக்கு அறிமுகமாகிறது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதற்கு முதன்மை இடம் வழங்கியது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு தனது 9ஆவது உறுப்புரையில் அதனை மீண்டும் எழுதி வைத்தது. இந்நிலையில், “எந்தப் பௌத்தம்?” என்று யாராவது கேட்டால், கேள்வியே விளங்காமல் நாம் விழிப்பதில் வியப்பில்லை. பௌத்தம் என்றால் பௌத்தம்தானே, அதில் எந்த, எது என்றெல்லாம் உண்டா என்பதுதான் நம்மவர்களில் பலரின் நிலை.

அப்படிக் கேட்கத் தெரியாமல் இருப்பதனால் இழப்பு நமக்குத்தான் என்பது என்னுடைய நெடுநாளைய கருத்து.

நான் வத்தேகமவில் வளர்ந்தவன். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் போடப்பட்ட புகையிரதப் பாதையில் உள்ள சிறு நகரம் அது. மேலே பன்வில பக்கமாகத் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கும் அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். ஒரு பக்கம் பன்சலையின் பிரித் ஓசை, ஒரு பக்கம் கோயில் மணி, சற்றுத் தள்ளி மடவளைப் பள்ளிவாசலின் பாங்கு என்று மூன்றையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். புகையிரதத்தில் ஏறித் தெற்கே போனால் தலதா மாளிகை. வடக்கே போனால் மாத்தளை. மாத்தளையைத் தாண்டினால் அளுவிகாரை. இன்னும் சற்று வடக்கே நாலந்தா. ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும் இந்த நிலத்துண்டுக்குள் பௌத்தத்தின் மூன்று பெரும் மரபுகளும் தடம் பதித்திருக்கின்றன. பேராதனையில் கலைப்பட்டத்துக்குப் படித்த காலத்தில்தான் அது எனக்குப் புரிந்தது. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர்தான் அது எத்துணை முக்கியமான விடயம் என்பதும் விளங்கியது.

அளுவிகாரையிலிருந்து தொடங்குவோம். புத்தரின் போதனைகள் பல நூற்றாண்டுகள் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்தன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னனின் காலத்தில், படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் ஓதி வைத்திருந்த பிக்குகள் மடிந்து போக, இனியும் நினைவை நம்பியிருக்க முடியாது என்ற அச்சத்தில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. எழுதப்பட்ட இடம் அளுவிகாரைக் குகைகள் என்பது மரபு. எழுதப்பட்ட மொழி பாளி. இதுவே தேரவாதத்தின் அடித்தளம். தேரர் என்றால் மூத்தவர். மூத்தோர் சொன்ன வழி தேரவாதம். வரலாற்றில் வாழ்ந்த கௌதம புத்தரே அதன் மையம். புத்தர் வழி காட்டினார். நடக்க வேண்டியவர் அவரவரே. ஆசைகளை அறுத்து, பிறவிச் சுழலிலிருந்து விடுபட்ட அரஹந்த நிலையை எய்துவதே குறிக்கோள். இலங்கை, மியன்மார், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் இன்று நிலைத்திருப்பது இந்த மரபு.

மகாயானம் இதிலிருந்து எங்கே பிரிகிறது? தனி ஒருவரின் விடுதலை போதுமா என்ற கேள்வியில் பிரிகிறது. எல்லா உயிர்களும் கரையேறும் வரையில் தானும் கரையேறுவதில்லை என்று உறுதி பூணும் போதிசத்துவரே அங்கு இலட்சிய மனிதர். தேரவாதத்திலும் போதிசத்துவர் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது புத்தராவதற்கு முந்தைய பிறவிகளில் இருந்த கௌதமரையும், இனி வரப்போகும் மைத்திரேயரையும் குறிக்கும் சொல். மகாயானத்திலோ அது எவரும் ஏற்கக்கூடிய ஒரு வாழ்க்கை நெறி. அத்துடன் அவலோகிதேசுவரர், மஞ்சுசிறீ முதலிய போதிசத்துவர்கள் அங்கு வழிபாட்டுக்கும் உரியவர்கள்; அழைத்தால் வருபவர்கள். பாளித் திரிபிடகத்தில் இல்லாத புதிய சூத்திரங்கள் பல வடமொழியில் எழுந்தன. எந்தப் பொருளுக்கும் தனக்கென்று நிலையான சுய இயல்பு இல்லை என்னும் சூனியவாதத்தை நாகார்ச்சுனர் வளர்த்தார். சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளுக்குச் சென்றது இதுவே. சென் என்பதும் அமிதாப புத்தரின் தூய நிலத்தை வேண்டி நிற்கும் வழிபாடும் இதன் கிளைகள்.

வஜ்ரயானம் மகாயானத்தின் தத்துவத்தை ஏற்றுக்கொண்டு, மந்திரம், மண்டலம், குருவின் தீட்சை என்பவற்றால் பாதையைச் சுருக்க முயல்வது. திபெத்தும் பூட்டானும் மொங்கோலியாவும் அதன் நாடுகள். ஆகமங்களையும் தீட்சையையும் அறிந்த சைவ வாசகருக்கு இம்மூன்றில் வஜ்ரயானமே எளிதில் புரியும் என்று நான் நினைப்பதுண்டு. பௌத்த நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நம் தமிழ் நூல்கள் பலவற்றில் தேரவாதம் இன்னமும் ‘ஈனயானம்’ என்றே எழுதப்படுகிறது. அது எதிர்த்தரப்பார் இட்ட பெயர். தாழ்ந்த வாகனம் என்று பொருள் படுவது. 1950இல் கொழும்பில் உலக பௌத்தர் சம்மேளனம் தொடங்கப்பட்டபோதே, இன்றுள்ள தேரவாத நாடுகளின் பௌத்தத்தைக் குறிக்க இச்சொல்லைக் கைவிட வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. (அந்த மாநாட்டைக் காண அம்பேத்கர் வந்திருந்தார். ஆறு ஆண்டுகளின் பின் நாக்பூரில் அவர் தம் மக்களோடு தழுவிய பௌத்தம் இம்மூன்றிலும் சேராத ஒன்று; அது தனியே எழுத வேண்டிய கதை.) எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் நம் பாடக் குறிப்புகள் திருந்தவில்லை.

இனிக் கண்டிக்கு வருவோம். தேரவாதத்தின் தலைநகரம் என்று உலகம் அறிந்த நகரம் அது. தலதா மாளிகைக்கு எதிர்ப்புறமாக, சாலையைக் கடந்தவுடன், நாத தேவாலயம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்டி நகரில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது என்று கருதப்படுவது. தென்னிந்தியக் கட்டடக் கலையின் சாயல் அதில் வெளிப்படை. யார் இந்த நாத தெய்வம்? மகாயானத்தின் அவலோகிதேசுவரரேதான், லோகேசுவர நாதர் என்ற பெயரின் பின்பாதி மட்டும் எஞ்சி நிற்கிறது. இன்றைய சிங்கள பௌத்தர்களில் பலர் அவரை இனி வரப்போகும் மைத்திரேய புத்தர் என்று கொள்கிறார்கள். கண்டி அரசர்கள் முடிசூடும் வேளையில் தம் அரசப் பெயரை ஏற்றது இந்தத் தேவாலயத்தில்தான். எசல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தை அடுத்து முதலாவதாக வருவதும் நாத தேவாலயத்தின் ஊர்வலமே. விஷ்ணுவும் கதிர்காமத் தெய்வமும் பத்தினியும் அதற்குப் பின்னர்தான். பத்தினி நம் கண்ணகி என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் தமிழர்களை நிறையக் கண்டிருக்கிறேன். நாதரை யார் என்று கேட்ட தமிழரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

நாலந்தா கெடிகே இதைவிட வியப்பூட்டுவது. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் ஒரு சிறிய கற்கோயில். மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. உள்ளே இருந்தது புத்தர். வெளியே இருப்பது பல்லவப் பாணி. சுவரின் அடித்தளத்தில் உள்ள ஒரு பாலியல் சிற்பத்தைக் கொண்டு, தாந்திரிக பௌத்தத்தின் செல்வாக்கு இங்கு இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். மகாவலித் திட்டத்தின் பொவத்தன்ன நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்துவிடாமல் இருக்க, கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் நிறுத்தினார்கள். 1980ஆம் ஆண்டளவில் அப்பணி நிறைவுற்றது. கண்டிக்கு மேற்கே கடலாதெனியவையும் லங்காதிலகத்தையும் சேர்த்துக்கொண்டால் படம் இன்னும் தெளிவாகும். இரண்டும் 1344இல் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. லங்காதிலகத்தின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது.

கட்டடங்களை விட்டு மனிதர்களிடம் வருகிறேன். இக்கட்டுரையின் உயிர்நாடி இங்குதான் இருக்கிறது.

திரிபிடகம் எழுதப்பட்ட அதே வலகம்பா மன்னன் அனுராதபுரத்தில் அபயகிரி விகாரையைக் கட்டி, தனக்கு உதவிய மகாதிஸ்ஸ தேரரிடம் ஒப்படைத்தான். ஏற்கெனவே இருந்த மகாவிகாரையார் அந்தத் தேரரை ஒழுக்க விதியை மீறினார் என்று விலக்கினார்கள். பிளவு அங்கே தொடங்கியது. காலப்போக்கில் மகாவிகாரை தேரவாதத்தின் கோட்டையாகவும், அபயகிரி மகாயானக் கருத்துகளுக்கும் கதவு திறந்த இடமாகவும் ஆயின. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாகியன், அபயகிரியில் 5000 பிக்குகளும் மகாவிகாரையில் 3000 பிக்குகளும் இருந்ததாக எழுதுகிறார். அதாவது, அன்று பெரிய விகாரை அபயகிரிதான்.

இந்தப் பூசலில் தமிழ் நாட்டவர் எந்தப் பக்கம் நின்றார்கள்? இரண்டு பக்கமும் நின்றார்கள். கோதாபய மன்னன் அபயகிரியைச் சேர்ந்த 60 பிக்குகளை நாடு கடத்தியபோது அவர்கள் அக்கரைக்குத்தான் போனார்கள். அவர்களில் ஒருவரின் சீடராகிய சங்கமித்திரர் என்னும் சோழ நாட்டுப் பிக்கு இங்கு வந்து, மன்னன் மகாசேனனின் மனத்தை மாற்றி, மகாவிகாரையைப் பாழாக்கச் செய்தார் என்று மகாவம்சம் கோபத்தோடு சொல்கிறது. கோபம் இயல்பே, மகாவம்சத்தை எழுதியவர்கள் மகாவிகாரையார். சங்கமித்திரர் இறுதியில் கொல்லப்பட்டதையும் அந்நூல் சொல்கிறது.

அதே சோழ நாட்டிலிருந்து வந்த இன்னொருவரைப் பாருங்கள். உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர், மகாவிகாரை மரபைப் பயின்று, காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்துகொண்டு தேரவாத அபிதம்மத்துக்கு நூல் எழுதியவர். தேரவாதத்தின் தலைசிறந்த உரையாசிரியரான புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தார் என்பதை அவருடைய உரைகளின் முடிவுரையே சொல்கிறது. இன்று உலகெங்கும் தேரவாதப் பிக்குகள் படிக்கும் பாளி உரைகளில் கணிசமான பகுதிக்குத் தமிழ் மண்ணோடு தொடர்பு இருக்கிறது. வஜ்ரயானத்தின் பக்கம் வச்சிரபோதி இருக்கிறார். தென்னிந்தியரான இவர் காஞ்சியோடு தொடர்புடையவர். அபயகிரியில் தங்கிச் சென்று, 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனாவில் மந்திர மரபைப் பரப்பியவர்.

ஆகவே, மகாவிகாரைக்கும் அபயகிரிக்கும் நடந்தது பௌத்தர்களுக்கு இடையிலான வழக்கு. அதைச் சிங்களவர் எதிர் தமிழர் என்று வாசிப்பது பிற்காலப் பழக்கம். வருத்தம் என்னவென்றால், அந்தப் பழக்கம் தெற்கில் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது.

பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் விஜயபாகு மறைந்த பின், வேளைக்காரப் படையினர் புத்தரின் புனித தந்தம் இருந்த கோயிலைக் காப்பதாகத் தமிழில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தது அது. கோயிலுக்குத் தம் பெயரையே சேர்த்து, ‘மூன்றுகைத் திருவேளைக்காரர் தலதாய்ப் பெரும்பள்ளி’ என்று அழைத்தார்கள். கல்வெட்டு குறிப்பிடும் உத்தோறுல்மூலை என்னும் பிக்குகள் பிரிவு அபயகிரியைச் சேர்ந்தது. இன்று கண்டியில் தேரவாத மரபினர் பேணும் அதே தந்ததாது, அன்று அபயகிரிப் பிக்குகளின் பொறுப்பிலும் தமிழ் வீரர்களின் காவலிலும் இருந்திருக்கிறது. அந்த நூற்றாண்டிலேயே முதலாம் பராக்கிரமபாகு சங்கத்தை மகாவிகாரையின் வழியில் ஒன்றிணைத்தார். அபயகிரியின் தனிக்குரல் அத்துடன் அடங்கிற்று. நாதர் போன்ற சில அடையாளங்கள் மட்டும் தங்கின.

தேரவாதம் வென்ற பின்னர் பிரிவுகள் ஒழிந்தனவா? இல்லை, காரணம் மட்டும் மாறிற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் உபசம்பதா பெற்ற பிக்கு ஒருவர்கூட இல்லாத நிலை. வெலிவிட்ட சரணங்கரரின் முயற்சியால், கீர்த்தி சிறீ இராஜசிங்கன் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, 1753இல் கண்டியில் உபசம்பதாவை மீட்டான். மல்வத்து, அஸ்கிரிய பீடங்களைக் கொண்ட சியம் நிக்காய இவ்வாறு பிறந்தது. மன்னனோ மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியினன். சைவப் பழக்கத்தை விடாதவன். 1760இல் அவனைக் கொன்றுவிட்டுச் சியாம் இளவரசன் ஒருவனை அமர்த்தச் சதி நடந்தது. அவன் விபூதி பூசியதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சதி முறியடிக்கப்பட்டது. மன்னன் சங்கத்துக்குக் கொடுத்து வந்த ஆதரவை நிறுத்தவில்லை. இன்றைய சிங்கள பௌத்த நிறுவனத்தின் தாய்ப்பீடங்களை நிலைநிறுத்தியவன் இவன் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் இரு மொழிகளிலும் அறிய வேண்டும்.

அந்தச் சியம் நிக்காயவில் விரைவிலேயே கொவிகம சாதியினருக்கு மட்டுமே உபசம்பதா என்ற கட்டுப்பாடு வந்தது. மறுக்கப்பட்ட கரையோரச் சாதியினர் பர்மாவின் அமரபுரத்துக்குக் கப்பலேறி, 1803இல் திரும்பி வந்து அமரபுர நிக்காயவைத் தோற்றுவித்தார்கள். மேலும் கடுமையான துறவொழுக்கத்தை நாடி ராமஞ்ஞ நிக்காய 1864இல் எழுந்தது. இவ்விரண்டும் 2019இல் ஒரே சங்க சபையாக இணைந்தன. மூன்றுக்கும் நூல் ஒன்று, கோட்பாடு ஒன்று. சாதியும் ஒழுக்க விதியும் சீவரம் அணியும் முறையுமே வேறு. சாதியை மறுத்த புத்தரின் பெயரால் இது நடந்தது என்பதை நம்மவர் சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. நம் கோயில் வாசல்களில் நடந்ததையும் நடப்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு ஏளனம் செய்வது நல்லது. 1898இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையிலிருந்து கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றது, சாதியற்ற தமிழ்ப் பௌத்தத்தைத் தேடித்தான்.

பெண்களின் கதையும் இதில் உண்டு. 433ஆம் ஆண்டு இலங்கைப் பிக்குணிகள் கடல் கடந்து சீனாவுக்குச் சென்று, அங்குள்ள பெண்களுக்கு உபசம்பதா வழங்க உதவினார்கள். இங்கே அந்த மரபு 11ஆம் நூற்றாண்டளவில் அறுந்தது, சீனத்தில் தொடர்ந்தது. 1990களில் கிழக்காசியப் பிக்குணிகளின் துணையோடு அது மீட்கப்பட்டு, 1998இல் தம்புள்ளையில் உபசம்பதா நடந்தபோது எழுந்த எதிர்ப்பு என்ன? அது மகாயான வழியில் வந்தது, ஆகவே செல்லாது என்பதுதான். நாம் கொடுத்ததை நாம் திரும்பப் பெறுகிறோம் என்ற வாதம் எடுபடவில்லை. பிரிவுகளின் வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் அந்தப் பெண்களிடம் கேட்கலாம்.

வடக்கு கிழக்கில் இன்று நடப்பவற்றுக்கு வருகிறேன். குருந்தூர்மலை, தையிட்டி என்று பெயர்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. ஒரு மலையில் பழைய செங்கல் கிடைத்தால், அது பௌத்தம், பௌத்தமென்றால் சிங்களம், ஆகவே நிலம் எங்களுடையது என்ற மூன்று படிகளில் வாதம் முடிந்துவிடுகிறது. இதற்கு நம் அரசியல்வாதிகள் பலர் சொல்லும் பதில், இங்கே பௌத்தம் இருந்ததே இல்லை என்பது. அந்தப் பதில் உண்மையுமன்று, பயனுமன்று. முதற்படியில் போய் நின்றுகொண்டு மறுக்கிறோம். பிழை இருப்பதோ இரண்டாவது படியில்.

திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு சோழர் காலத்தில் செழித்தது. தமிழர்கள் அதற்கு வழங்கிய கொடைகளைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் பல அங்கே கிடைத்திருக்கின்றன. தமிழ்ப் பௌத்தர்களின் பள்ளி அது. தனியார் காணியைப் பிடித்து விகாரை கட்டுவது சட்டப் பிரச்சினை. அதை எதிர்க்க வரலாற்றை மறுக்க வேண்டிய தேவை இல்லை. காணி உறுதியே போதும். அகழ்ந்தெடுத்த பழைய தூபியின் மேல் இன்றைய பாணியில் புதிய தூபி எழுப்புவதோ வேறு வகைப் பிழை. அழிந்துபோன ஒரு மரபின் எச்சத்தின் மேல், அதை வென்ற மரபின் முத்திரையைக் குத்துவது அது. இதைச் சொல்வதற்கு, அழிந்த மரபு எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அகழ்வாய்வு அறிக்கை ஒன்று வெளிவந்தால் நம் பத்திரிகையாளர்கள் கேட்க வேண்டியவை இவை: எந்த நூற்றாண்டு? எந்த விகாரையைச் சார்ந்தது? சிலை புத்தருடையதா, போதிசத்துவருடையதா? எழுத்து எது, மொழி எது, கொடை கொடுத்தவர் யார்? திரியாய் கிரிகண்டி சைத்தியத்துக்கு இக்கேள்விகளோடு சென்று பாருங்கள். புத்தரின் முதல் அடியார்களான இரு வணிகரோடு மரபு இணைத்துப் பேசும் தூபி அது. இன்று ஆயிரக்கணக்கான சிங்கள யாத்திரிகர் மலர்த்தட்டோடு மலையேறும் இடம். பாறையில் உள்ள கல்வெட்டின் மொழி வடமொழி. அது போற்றுவது அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிறீயையும். எழுதப்பட்டிருப்பதோ பல்லவ கிரந்த எழுத்தில்.